நூற்றிரண்டைச் சமைத்த நாள்

கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு வரிதான் ஒட்டியிருந்தது.

'மெஸ் விலைக் குறியீட்டெண்: 102.'

சபுரா பீவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற நாகஜோதியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங் கண்ணு, யாருக்குக் காய்ச்சல்?"

"உங்க மெஸ்ஸுக்குத்தான்க்கா" என்றாள் நாகஜோதி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து எட்டு வருஷமாகிவிட்டது. வாய் மட்டும் ஊரிலேயே இருந்தது. "நூத்தஞ்சைத் தாண்டலையாம். அதனால சோத்துக்கு அதே நாப்பது ரூவாதானாம். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க."

சபுராவின் முகம் மாறியது. சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகளின் டங் டங் சத்தம் முடிகிற இடத்தில் அந்தப் பனியன் கம்பெனி இருக்கிறது. அதன் பின்கட்டில் ஆறு வருஷமாக மெஸ் நடத்துகிறாள் சபுரா. மத்தியானம் இருநூறு சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக்கு நாற்பது ரூபாய் என்று கம்பெனி கொடுக்கும். போன வருஷம் முதலாளி சுப்பையன் புதிதாக ஓர் ஒப்பந்தம் போட்டார். 'சாமான் விலை ஏறிருச்சு, ரேட்டை ஏத்துங்க' என்று ஒவ்வொரு தடவையும் பேரம் பேச வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை குறியீட்டெண் போடுவோம். அது நூற்றைந்தைத் தாண்டினால் ரேட்டும் அதே விகிதத்தில் ஏறும். தாண்டாவிட்டால் பழைய ரேட். சபுரா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். குறியீட்டெண் என்றால் என்ன என்று கேட்கவில்லை.

இப்போது வருஷம் முடியப் போகிறது. சனிக்கிழமைக்குள் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மெஸ் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"பேசாமக் கையெழுத்தப் போட்டுரு சபுரா" என்றார் அவள் புருஷன் காஜா மொய்தீன். மெஸ்ஸுக்குச் சாமான் வாங்கிப் போடுவது அவர் வேலை. அவருடைய மொபெட்டில் எப்போதும் ஒரு மூட்டையாவது இருக்கும். "சாம்பார்ல ரெண்டு குடம் தண்ணி எச்சா ஊத்தினா யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்க டீல ஊத்தட்டுங்களா?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நாப்பது ரூபாய்க்கு இனி முடியாதுங்க. தண்ணி ஊத்தித்தான் நடத்தணும்னா எனக்கு இந்த மெஸ்ஸே வேண்டாம். பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போயர்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு அந்த எண்ணிலேயே நின்றது. நூற்றிரண்டு. அவள் கை சொல்கிற கணக்குக்கு விலைவாசி நூற்றுக்குப் பதினைந்தாவது ஏறியிருக்க வேண்டும். இவர்களுக்கு எப்படி வெறும் இரண்டு வருகிறது? பொய் சொல்கிறார்களா? இல்லை, அவள் கைதான் பொய் சொல்கிறதா?

*

மத்தியானப் பந்தி முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனாள்.

மனிதவளப் பிரிவில் இந்துமதி கம்ப்யூட்டர் முன் இருந்தாள். ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தவள். ஊர் காங்கேயம். சபுராவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அக்கா, சண்டை போட வந்தீங்கன்னா சத்தியமா அது நான் போட்ட ரூல் இல்லீங்க."

"சண்டை இல்லீங்க மேடம். அந்த நூத்திரண்டு எப்படி வந்துச்சுன்னு சொல்லிக் குடுங்க. தெரிஞ்சுட்டாப் போதும்."

இந்துமதி கொஞ்சம் திகைத்தாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவளேகூடக் காலேஜில் ஒரு பேப்பருக்குப் படித்ததோடு சரி. இங்கே வந்தபோது முன்பிருந்தவர் எல்லாச் சூத்திரங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுவைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போயிருந்தார். இவள் புது விலைகளை ஏற்றினாள். எண் தானாக வந்து விழுந்தது.

"உக்காருங்க" என்றாள். "ஒரு கூடை இருக்குன்னு நினைச்சுக்கங்க. மெஸ்ஸுக்கு என்னென்ன வாங்கறீங்களோ எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், கேஸ் சிலிண்டர்கூட. ஆரம்பத்துல அந்தக் கூடை என்ன விலையோ, அதை நூறுன்னு வச்சுக்கறோம். இன்னைக்கு அதே கூடையை வாங்கப் போனா நூத்திரண்டு ஆகுது. அவ்வளவுதாங்க."

"அதே கூடைன்னா?"

"அதே சாமான், அதே அளவு. ஒரு கிலோகூடக் கூட்டக் குறைக்கக் கூடாது. மாத்திட்டோம்னா, செலவு ஏறினது விலையாலயா, நீங்க எச்சா வாங்கினதாலயான்னு தெரியாமப் போயிரும் பாருங்க."

சபுரா யோசித்தாள். நியாயமாகத்தான் இருந்தது.

"சரிங்க. இப்ப பெருங்காயம் ரெண்டு மடங்கு விலை ஆயிருச்சுன்னு வைங்க. அரிசி பத்துல ஒரு பங்கு ஏறியிருக்கு. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துருவீங்களா?"

"ஐயோ, மாட்டேங்க!" இந்துமதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பெருங்காயம் நீங்க ஒரு சிட்டிகைதானே போடறீங்க? அது ரெண்டு மடங்கு ஆனாலும் உங்க செலவு அசையாது. அரிசி லேசா ஏறினாலே மெஸ் ஆடிப் போகும்."

"அப்ப எந்தச் சாமானுக்கு என் காசு எச்சாப் போகுதோ, அதோட பேச்சுதான் எடுபடும். அப்படிங்களா?"

"அப்படியேதாங்க. அதுக்கு 'எடை'ன்னு பேரு. தராசுல வைக்கற எடை இல்லீங்க. நூறு ரூபாய்ல அந்தச் சாமானுக்கு எத்தனை ரூபாய் போகுதுங்கற பங்கு."

சபுராவுக்குப் பிடித்துப் போனது. ஆறு வருஷமாகத் தினமும் செய்கிற வேலைக்குள் இப்படி ஒரு கணக்கு ஒளிந்திருந்ததா?

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. எண்ணுதான் தப்பா இருக்கு" என்றாள். "ஒருவேளை நீங்க போட்ட விலை தப்போ?"

"நாளைக்குக் காலையில உங்களோட நானும் சந்தைக்கு வர்றேன். நேர்லயே பாத்துருவோம்" என்றாள் இந்துமதி.

*

தென்னம்பாளையம் சந்தையில் விடிந்தும் விடியாததுமாக மூன்று பேரும் நின்றார்கள். காஜா விலை கேட்டார். இந்துமதி போனில் பார்த்துச் சரி பார்த்தாள். சபுரா இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தக்காளி சரி. சின்ன வெங்காயம் சரி. தேங்காய் விலையைக் கேட்டு இந்துமதியே "யம்மா!" என்றாள். ஆனால் அவள் போனிலும் அதே விலைதான் இருந்தது. போன வருஷம் நூறு ரூபாய்க்குக் கிடைத்த அளவு தேங்காய்க்கு இப்போது நூற்றறுபது ரூபாய்.

அரிசிக் கடைக்கு வந்ததும் சபுரா பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க மேடம். போன வருஷம் மூட்டை ஆயிரத்து இருநூத்தம்பது. இப்ப ஆயிரத்து நானூத்தி நாலு. நூத்துக்குப் பன்னெண்டு ஏறியிருக்கு. நீங்க வெறும் எட்டுன்னு போட்டிருக்கீங்க!"

இந்துமதி மூட்டையைத் திருப்பினாள். ஓரத்தில் அச்சடித்திருந்ததைக் காட்டினாள்.

"இந்த மூட்டையில இருபத்தாறு கிலோங்க. போன வருஷம் நீங்க வாங்கின மூட்டை இருபத்தஞ்சு. கிலோவுக்குப் பாத்தா அம்பதுல இருந்து அம்பத்தி நாலு. எட்டுதான் வருது."

சபுரா புருஷனைப் பார்த்தாள்.

"மூட்டை பெருசாயிருச்சுன்னு நீங்க ஏனுங்க சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே" என்றார் காஜா. "தூக்கறது நானு. ஒரு கிலோ ஏறினது என் முதுகுக்குத் தெரியும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சபுராவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் சின்னதாகச் சுருக்கென்றது. அப்படியானால் அவளுடைய பதினைந்தும் முழுக்க உண்மை இல்லை. அதில் எங்கெல்லாம் காற்று இருக்கிறதோ?

உருளைக்கிழங்கு விலை இறங்கியிருந்தது. துவரம்பருப்பும் இறங்கியிருந்தது. போன வருஷம் எவ்வளவு என்று இந்துமதி படித்துக் காட்டினாள். சபுராவுக்கு இது நினைவிலேயே இல்லை.

"ஏறினது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. எறங்கினது ஒண்ணும் ஞாபகம் இல்லையே!" என்றாள் வியப்பாக.

ஆக, விலைகள் எல்லாம் சரி. சூத்திரமும் சரி. இருந்தும் நாற்பது ரூபாயில் சாப்பாடு போட முடியவில்லை என்பதும் சரி. தப்பு வேறு எங்கோ இருந்தது.

"எடைன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க" என்றாள் சபுரா, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே. "நூறு ரூபாய்ல எதுக்கு எத்தனை?"

இந்துமதி போனில் கோப்பைத் திறந்து படித்தாள். "கோதுமை ஆட்டா முப்பது, உருளை பதினஞ்சு, அரிசி பதினஞ்சு, பருப்பு பதினஞ்சு, எண்ணெய் பத்து, தேங்காய் மூணு..."

"ரூபாயாச் சொன்னா எனக்கு மண்டையில ஏறாதுங்க. இருநூறு பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிலோன்னு சொல்லுங்க. கண்ணுக்குத் தெரியும்."

இந்துமதி கணக்குப் போட்டாள். டீ ஆறும் வரை போட்டாள்.

"ஆட்டா அம்பது கிலோ. உருளை முப்பது. அரிசி பதினெட்டு. தேங்காய் ஆறு."

காஜா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆறு தேங்காயா? இருநூறு பேருக்கா? நாம தெனமும் இருபது உடைக்கிறோமே!"

"அரிசி நாப்பது கிலோ போடறேன்" என்றாள் சபுரா. "இது யாரு ஊட்டுச் சாப்பாடுங்க?"

"உங்க பில்லுல இருந்துதாங்க எடுத்திருக்கு. அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

"ஒரே நாள்ல அம்பது கிலோ ஆட்டா நான் என்னைக்குமே வாங்கினதில்லைங்க" என்றார் காஜா. "முன்னாடி இருந்தவரு சும்மா உக்காந்து எழுதிட்டாரோ என்னவோ."

"ஆபீஸ்ல அப்படிச் சொன்னா என்னை நம்புவாங்களா?" என்றாள் இந்துமதி. "ஏட்டிக்குப் போட்டியாப் பேசறோம்னு நினைப்பாங்க. அவருக்குப் போன் போட்டாலும் எடுக்கறதில்லை."

சபுரா மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பேச வேண்டாங்க" என்றாள் கடைசியில். "சமைச்சுருவோம்."

"எதை?"

"இந்தக் கூடையை. கிராம் மாறாம, நீங்க சொன்ன அளவு அப்படியே. நூத்திரண்டு எப்படி இருக்கும்னு நானும் பாக்கணும். நாளைக்குப் புதன்கிழமை."

இந்துமதி கண்ணை விரித்தாள். புதன்கிழமைதான் முதலாளி சுப்பையன் மெஸ்ஸில் வந்து சாப்பிடுவார். தொழிலாளியோடு முதலாளியும் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார் என்று சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குக் காட்ட ஆரம்பித்த பழக்கம் அது. இப்போது அவருக்கே பிடித்துப்போய், விடாமல் வருகிறார்.

"அக்கா, அவரு ரசஞ்சோறும் தயிரும் இல்லாம எந்திரிக்க மாட்டாரே!"

"தெரியுமுங்க" என்றாள் சபுரா.

*

புதன்கிழமை காலையில் மெஸ்ஸில் ஒரே மாவு மயம். ஐம்பது கிலோ ஆட்டா. பிசைந்து, உருட்டி, தேய்த்துப் போட்டார்கள். போடப் போட ரொட்டி மலையாகக் குவிந்தது. காஜாவின் தாடி வெள்ளையாகிவிட்டது.

"எனக்கு ஒரே நாள்ல வயசாகிப் போச்சு பாரு" என்றார்.

"புதுசா என்னங்க ஆச்சு?" என்றாள் சபுரா. "கையை நிறுத்தாதீங்க."

பெரிய அண்டா நிறைய உருளைக்கிழங்கு மசாலா. கெட்டியாகப் பருப்பு. சாதத்துக்கு எப்போதும் ஏற்றுகிற பாத்திரத்தில் பாதிகூட நிரம்பவில்லை. ஆறு தேங்காயை உடைத்துத் துருவி அரைத்தால், சட்னி ஒரு சின்னத் தூக்குப் போசியில் அடங்கிவிட்டது.

பெல் அடித்தது. தட்டோடு வரிசை வந்தது. நாகஜோதி முன்னாலேயே நின்றாள். சபுரா அவள் தட்டில் ஆறு ரொட்டி வைத்தாள். உருளைக்கிழங்கு மூன்று கரண்டி. சாதம் ஒரு கரண்டி. ஓரத்தில் சட்னி.

"என்னக்கா இது?" நாகஜோதி தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "சட்னிய வச்சீங்களா, காட்டிட்டு எடுத்துட்டீங்களா?"

"அளவு அவ்வளவுதான் கண்ணு."

"சோறு?"

"அதுவும் அவ்வளவுதான்."

"ஏக்கா, ஆறு ரொட்டியத் தின்னுட்டு நான் எங்கிட்டுக் குனிஞ்சு தைக்க? மெஷின் மேலேயே படுத்துருவேன்!"

பின்னாலிருந்து சத்தம் கூடியது. 'சோறு எங்க?', 'ரசம் எங்க?', 'அக்காவுக்கு என்னாச்சு?' இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கேட்டு வாங்கியதில், எழுபதாவது தட்டு வருவதற்குள் சாதப் பாத்திரம் வழித்தாகிவிட்டது. ரொட்டி மலை மட்டும் குறைந்த மாதிரியே தெரியவில்லை. இந்துமதி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் அவள் பார்த்த எண்கள் ஒவ்வொன்றும் இங்கே ஆளாக நின்று சத்தம் போட்டன.

அப்போது கட்டிங் செக்‌ஷன் பிரதாப் நாயக் வந்தான். ஒடிசாக்காரன். தட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அக்கா! தீபாவளி சாப்பாடு!"

"என்னப்பா?"

"இது தீபாவளி சாப்பாடு அக்கா. எல்லாரும் ஊருக்குப் போச்சு. நாங்க மட்டும் இங்க இருந்துச்சு. அப்போ டெய்லி இதுதான். ரொட்டி, ஆலு, டால். சூப்பர்!" திரும்பித் தன் கூட்டாளிகளுக்கு இந்தியில் கத்தினான். அந்த வரிசை முழுவதும் சிரித்தது. ஒருவன் இன்னும் நான்கு ரொட்டி கேட்டான்.

சபுரா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

தீபாவளி! போனஸ் வாங்கின கையோடு மதுரை, தேனி, விருதுநகர் என்று பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களும் வர மாட்டார்கள். திருப்பூரே காலியாகும். பதினைந்து நாள் மெஸ்ஸில் மிஞ்சுவது வடக்கத்திப் பையன்கள் ஒரு ஐம்பது, அறுபது பேர்தான். அவர்களுக்காக ரொட்டியும் உருளைக்கிழங்கும் போட்டாள். ஆட்டா தினமும் பதினைந்து கிலோ. அதை இருநூறு பேருக்குப் பெருக்கினால் ஐம்பது கிலோ வராமல் என்ன செய்யும்?

"மேடம்!" என்று கூப்பிட்டாள். இந்துமதி ஓடி வந்தாள். "பொய் யாரும் சொல்லலீங்க. அது என் பில்லேதான். தீபாவளி லீவு முடிஞ்சதும்தான் ஒப்பந்தம் போட்டாங்க. முன்னாடி இருந்த சாரு 'கடைசியா வாங்கின பில்லைக் குடுங்க'ன்னு கேட்டாரு. கையில இருந்ததைக் குடுத்தேன். எதுக்குன்னு நானும் கேக்கலை, அவரும் பாக்கலை."

இந்துமதி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊரே காலியா இருந்தப்ப எடுத்த கூடை. அதை வச்சு வருஷம் பூரா அளந்திருக்கோம். உருளை விலை எறங்கினா எண்ணும் எறங்குது, ஏன்னா அந்தக் கூடையில உருளைதான் பெருசு. தேங்காய் எவ்வளவு ஏறினாலும் அதுக்கு அங்க மூணு ரூபாய்தான் பங்கு. சத்தமே கேக்காது."

"என்ன சத்தம் கேக்காதுங்க?"

இருவரும் திரும்பினார்கள். முதலாளி சுப்பையன் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

சபுரா அவர் தட்டில் ஆறு ரொட்டி வைத்தாள். உருளைக்கிழங்கு வைத்தாள். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"சாதம் எங்கீங்க சபுராம்மா?"

"தீந்து போச்சுங்க."

"தீந்து போச்சா? மணி ஒண்ணுகூட ஆகலீங்களே!"

"நம்ம குறியீட்டெண்ணுல அவ்வளவுதாங்க இருக்கு" என்றாள் சபுரா. "இதுதானுங்க அந்த நூத்திரண்டு. உக்காந்து சாப்பிடுங்க, சொல்றோம்."

*

சுப்பையன் இரண்டு ரொட்டி சாப்பிட்டார். இந்துமதி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது ரொட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தப்புத்தான்" என்றார். "ஆனா நடுவுல ரூலை மாத்தினா நாளைக்கு டையிங்காரர் வருவாரு, பிரிண்டிங்காரர் வருவாரு. எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்குமில்லீங்களா?"

"ரூலை மாத்த வேண்டாங்க சார்" என்றாள் இந்துமதி. "கூடையை மட்டும் சரி பண்ணுவோம். வருஷம் முழுக்க வாங்கினதை எடுத்துக்கலாம். தீபாவளி வாரமும் அதுக்குள்ள இருக்கட்டும், ஆடி மாசமும் இருக்கட்டும்."

சுப்பையன் சபுராவைப் பார்த்தார்.

"சரி. ஒரே ஒரு கண்டிஷனுங்க. எண்ணு வந்ததுக்கப்புறம் ஒத்துக்கறது கணக்கு இல்லை. இப்பவே சொல்லுங்க. நூத்தி நாலுன்னு வந்தாலும் ஒத்துக்குவீங்களா? வந்தா பழைய ரேட்டு. மறுபேச்சு இல்லை. நூத்திப் பதினஞ்சுன்னு வந்தா நானும் மறுபேச்சு பேச மாட்டேன்."

காஜா மாவுக் கையோடு வந்து நின்று, 'வேண்டாம்' என்று கண்ணால் சொன்னார்.

முந்தாநாளாக இருந்தால் சபுரா யோசிக்காமல் தலையாட்டியிருப்பாள். பதினைந்துதான் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாள். இப்போது அந்த இருபத்தாறு கிலோ மூட்டை கண் முன்னால் வந்து நின்றது. இறங்கிப்போன உருளைக்கிழங்கும் பருப்பும் வந்து நின்றன. நூற்றி நாலு வராது என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் வேறு வழியில் இதைத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

"ஒத்துக்கறேனுங்க" என்றாள். "ஒண்ணு மட்டும். கூட்டும்போது நானும் கூட உக்காந்திருப்பேன்."

*

மளிகைக் கடையிலிருந்தும் தேங்காய் மண்டியிலிருந்தும் ஒரு வருஷ பில்லை வாங்கி, பங்கு பிரித்து முடிக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. ஆபீஸில் நான்கு பேர் இருந்தார்கள். இந்துமதி கம்ப்யூட்டரை மூடிவிட்டாள். வெள்ளைப் பலகையில் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதினாள்.

"அரிசிக்குப் பங்கு முப்பத்திரண்டு. விலை எட்டு சதவீதம் ஏறியிருக்கு. முப்பத்திரண்டு இப்ப முப்பத்தி நாலரை ஆகுது, கொஞ்சம் எச்சாவே."

"பழைய கூடையில பதினஞ்சு" என்று முணுமுணுத்தார் காஜா.

"தேங்காய்க்குப் பத்து. அது பதினாறு ஆகுது."

சபுரா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உருளைக்கு ஆறு. விலை எறங்கினதால நாலு எம்பது."

"அடப்பாவி" என்றார் காஜா உருளைக்கிழங்கைப் பார்த்து.

"பருப்புக்குப் பன்னெண்டு. அதுவும் எறங்கிப் பதினொண்ணு." இந்துமதி சபுராவைத் திரும்பிப் பார்க்காமல் எழுதினாள். ஆட்டா, எண்ணெய், காய்கறி, கேஸ் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் கோடு போட்டாள். கூட்டினாள். மறுபடியும் கீழிருந்து மேலாகக் கூட்டினாள்.

"நூத்தி ஒன்பது."

காஜாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"காய்ச்சல் எச்சாயிருச்சுங்களே!"

சுப்பையன் சிரித்தார். கால்குலேட்டரைத் தட்டினார். "நாப்பது ரூபாய்க்கு நாப்பத்தி மூணு அறுபது. சரிதானுங்களா? சொன்ன வார்த்தை வார்த்தைதான்." பேனாவை எடுத்து ஒப்பந்தத்தில் ரேட்டைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். சபுராவிடம் நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கினாள். உடனே போடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கம்மின்னு நினைக்கறீங்களா?" என்றாள் இந்துமதி.

"இல்லீங்க. நாப்பத்தி மூணு அறுபதுல தண்ணி ஊத்தாமச் சமைக்கலாம். அது போதும். என் மனசு ஏன் பதினஞ்சுன்னு சொல்லுச்சுன்னுதான் பாக்கறேன்." விரலால் தேங்காய் வரியைக் காட்டினாள். "இதைத் தெனமும் உடைக்கிறேன். உடைக்கறப்பெல்லாம் விலை ஞாபகம் வருது. கேஸ் மாசத்துக்குச் சில தடவைதான் வருது, மறந்துருது. மனசுக்குள்ளயும் ஒரு கூடை இருக்குது பாருங்க. அதுல வெறும் தேங்காயா ரொப்பி வச்சிருந்திருக்கேன்."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

*

சனிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸில் வழக்கமான சாப்பாடு. சாதம், சாம்பார், பொரியல், ரசம். சட்னி தாராளம். நாகஜோதி தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா. கண்ணுக்குச் சோறு தெரியுது." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனாக்கா, அன்னைக்கு அந்த உருளைக்கிழங்கு இருந்துச்சுல்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு. ரொட்டி ஆறு வேணாம், ரெண்டு குடுங்க. வாரத்துல ஒருநாள் போட்டா என்ன?"

பின்னாலேயே பிரதாப் நாயக் நின்றான். அவனோடு பத்துப் பேர்.

"அக்கா, புதன்கிழமை தீபாவளி சாப்பாடு. எல்லாரும் கேக்குது."

சபுரா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த பெஞ்சில் இந்துமதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், வாரம் ஒருநாள் ரொட்டின்னா ஆட்டா எச்சா வாங்கணும். அரிசி குறையும். அப்ப நாம நேத்துப் போட்ட பங்கு?"

இந்துமதி வாயில் வைத்த கையோடு நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மாறிரும்க்கா. அடுத்த வருஷம் கூடையை மறுபடியும் முதல்ல இருந்து பாக்கணும்."

"அப்ப ஒவ்வொரு வருஷமும் பாக்கணுமா?"

"ஆளுங்க மாறினா, சாப்பாடு மாறினா, பாத்துத்தான் ஆகணும்."

சபுரா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். கூடை அப்படியே இருந்தால்தான் விலை தெரியும். அப்படியே இருந்தால் யார் சாப்பாடு என்பது தெரியாமல் போய்விடும். இதற்கு என்னதான் செய்வது? இதை அடுத்த தடவை சந்தைக்குப் போகும்போது இந்துமதியிடம் கேட்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் வைத்தே கேட்க வேண்டும்.

"ஏனுங்க!" என்று பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். காஜா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். "புதன்கிழமைக்கு ஆட்டா ஒரு மூட்டை எச்சாப் போடுங்க. எத்தனை கிலோ மூட்டைன்னு மறக்காமப் பாத்துட்டு வாங்க!"